தேசப்பன் தனியாகத்தான் வந்தார்

உயிரோடு இருந்தவரை தேசப்பனை நல்லவர் என்று தோணிரேவு மீனவர் குப்பத்தில் ஒருவரும் சொன்னதில்லை. செத்த மறுநாள் எல்லாரும் சொன்னார்கள். திருப்பாலைவனம் உலகநாதன் ஒரு பேனரே வைத்தான். 'மகளைப் பொறியாளர் ஆக்கிய மாமனிதர்' என்று போட்டு, கீழே தன் படம், தன் கடையின் பெயர், 'இந்த ஆண்டு அட்மிஷன் நடைபெறுகிறது' என்று ஒரு வரி. செத்தவரின் படத்தைவிட அவன் படம் பெரிது. மகள் நந்தினி அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

அந்தப் பேனரை தேசப்பன் பார்த்திருந்தால் கிழித்துப் படகுக்கு அடியில் விரித்திருப்பார். அவர் யாரையும் மதித்ததில்லை. ஏரியில் பறவை எண்ண வருகிற அதிகாரிகளைப் பார்த்து, "இதுக்குச் சம்பளம் வேறயா?" என்று காதுபடவே சொல்வார். ஐஸ் வியாபாரி, கவுன்சிலர், மேடையில் பேசுகிறவன், சொந்த மச்சான் எல்லாரும் அவருக்கு 'சும்மா சோறு தின்றவன்' தான்.

அவர் மதித்தது ஊரின் பாடு முறையை மட்டும். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களை ஊர் குலுக்கல் போட்டு, குடும்பத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துக் கொடுக்கும். அதுதான் பாடு. பேர் விழுந்தவன் அன்றைக்கு அங்கே வலை கட்டுவான். வேறு படகு அந்தப் பக்கம் வந்தால் ஊர்க்கூட்டம் அபராதம் போடும். விழுந்த பேரை யாரும் திரும்பப் போய்க் கேட்பதில்லை; கேட்டால் ஊரை நம்பவில்லை என்று அர்த்தம். தப்பு செய்தவன் கூட்டத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தால் பெரியவர்கள் எழுப்பிவிடுவார்கள், அடுத்த சுற்றில் அவன் பேரைச் சேர்ப்பார்கள். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்று தேசப்பன் நம்பினார்.

நந்தினி பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட உலகநாதன் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அது ஜெராக்ஸ் கடை. போர்டில் 'கல்வி ஆலோசகர்' என்று இருக்கும். மூன்று தனியார் கல்லூரிகளுக்கு அவன் பிள்ளை பிடித்துக் கொடுப்பான். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்.

"அண்ணே, கவர்மெண்ட் காலேஜ் கெடைக்கும்னு எழுதியா வெச்சிருக்கு? என்னாண்ட உட்டுடுங்க. பஸ் வீட்டு வாசலுக்கே வரும்."

"வாசல்ல தண்ணி நிக்குது, பஸ் இன்னாத்துக்கு? கம்ப்யூட்டர் பொட்டிய தட்டுடா."

வீட்டில் இருந்த ஒரே போன் தேசப்பனுடையது. அந்த நம்பரைத்தான் விண்ணப்பத்தில் கொடுத்தார்கள்.

ஜூலையில் ஒரு காலை குறுஞ்செய்தி வந்தது. அரசுக் கல்லூரி, மின்னியல். நந்தினி இரண்டு தடவை படித்தாள்.

"விழுந்துச்சா?" என்றார் தேசப்பன்.

"விழுந்துச்சு, நைனா."

"குப்பம்மா! உன் பொண்ணு பேரு விழுந்துடுச்சு!" மனைவியைப் பார்த்துக் கத்தினார். அவர் சிரித்ததை நந்தினி அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள்.

மதியம் உலகநாதன் கூப்பிட்டான். தேசப்பன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உறுதி பண்ணணும். உங்க போனுக்கு ஓடிபி வரும். பாப்பாவப் போனோட அனுப்புங்க."

"குடுத்தாச்சுல்ல? மறுபடி இன்னாத்துக்கு?"

"நீங்க வேணும்னு சொல்லணும்ண்ணே."

"வேணாம்னா எழுதிப் போடுவேனாடா?"

"ரூல்ஸ்ண்ணே. அப்படியே நம்ம காலேஜ் ஒண்ணும் பேசி வெச்சிருக்கேன், பாப்பா ஒரு எட்டு பாக்கட்டும்."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். தேசப்பன் போனை அணைத்தார்.

மறுநாள் அவருடைய பாடு. விடிவதற்குள் போனை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"நைனா, போனை மட்டும் குடுத்துட்டுப் போ."

"உன்னக் கடையில உக்கார வெச்சு வேற எதையாவது அமுக்க வெச்சிடுவான். நம்பர் என்னாண்ட இருந்தா எவனும் ஒண்ணும் புடுங்க முடியாது."

மகளின் இடத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார்.

பதினோரு மணிக்குக் கூடப் படித்த பிரின்சி வந்தாள். அவளுக்கும் இடம் கிடைத்திருந்தது. உறுதி செய்தாயிற்றா என்று கேட்டாள். பள்ளிக்கூட டீச்சர் உட்கார வைத்து அவளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார். செய்யாவிட்டால் இடம் போய்விடும், அடுத்த சுற்றிலும் கூப்பிட மாட்டார்கள் என்றாள்.

பிரின்சியின் போனில் தேசப்பனைக் கூப்பிட்டார்கள். அணைத்தே இருந்தது. நந்தினி சித்தப்பா தமிழ்வாணனிடம் ஓடினாள்.

"சித்தப்பா, படகை எடு. நைனாகிட்ட போகணும்."

"உங்கப்பன் பாட்டுல நான் படகு உடணுமா? கூட்டத்துல மொத ஆளா அவனே எழுந்து நிப்பான் எனக்கு அபராதம் போடச் சொல்லி. தெரியாதா உனக்கு?"

தெரியும். ஊரில் வேறு யாரும் வரவும் மாட்டார்கள்.

மதியத்திலிருந்து கரையில் நின்று துப்பட்டாவைக் கழற்றி வீசிக் காட்டினாள். தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் வலைக்குப் பக்கத்தில் அவர் நின்றது தெரிந்தது. கடைசியில் அவர் பார்த்தார். மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக் கையைத் தூக்கி ஆட்டினார். மணி நாலரை.

ஏழு மணிக்கு இரண்டு கூடை இறாலோடு வந்தார். நந்தினி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். போனைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "நாளைக்குப் பட்டணம் போறோம். தப்பு என்னுது. நான் பேசறேன்" என்றார்.

சென்னையில் பல்கலைக்கழக அலுவலகம் பெரிய கட்டடம். உள்ளே பெரிய மனிதர் யாரும் இல்லை. நடைக்கூடத்தின் முனையில் ஒரு கவுண்டர், கவுண்டரில் ஒருவன், அவன் ஒரு காதில் இயர்போன். கணினியைப் பார்த்தபடியே பதில் சொன்னான்.

"சிஸ்டம் லாக் ஆயிடுச்சு."

"தப்பு என்னுது, சார். பொண்ணு ஒண்ணும் பண்ணல."

"அதான் லாக் ஆயிடுச்சுனு சொல்றேனே."

"பெரியவங்க யாரு இங்க?"

"இன்னா பெரியவங்க?"

"தப்ப விசாரிக்கிறவங்க."

"மெயில் போடுங்க. நெக்ஸ்ட்."

தேசப்பன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். நந்தினிக்கு அவர் செய்யப் போவது தெரிந்துவிட்டது. நோட்டீஸ் போர்டு பக்கம் பத்தடி நகர்ந்து போனாள். அவர் அந்த வழவழத்த தரையில், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், கையைத் தலைக்கு மேல் நீட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

யாரும் எழுப்பவில்லை. ஒரு அம்மா கைப்பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பையன்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கவுண்டரில் இருந்தவன் இயர்போனைக் கழற்றி, "செக்யூரிட்டி!" என்றான். கூப்பிட ஆள் இருந்தது அதற்கு மட்டும்தான்.

காவலாளி வந்தான். "பெருசு, எழுந்திரு. இன்னா டிராமாவா?" சுற்றிலும் பார்த்தான். தனியாக நின்ற நந்தினியிடம் கேட்டான்: "பாப்பா, உன் கூட வந்தவரா?"

நந்தினி நோட்டீஸ் போர்டைப் படித்தாள். விடுதி விதிகள். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை.

"இல்ல சார்" என்றார் தேசப்பன், தரையிலிருந்தே. "அந்தப் பொண்ணு யாரோ. நான் தனியாத்தான் வந்தேன்."

பஸ் பொன்னேரி தாண்டியது. தேசப்பன் ஜன்னலைப் பார்த்தபடி, "தப்ப மன்னிக்க ஒரு ஆளக் கூட வெக்காம இவ்ளோ பெரிய கட்டடம் கட்டியிருக்கானுங்க" என்றார். காறித் துப்பினார். மகள் தள்ளி நின்றதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. குப்பம்மாவிடமும் சொல்லவில்லை.

நந்தினி பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். மூன்று வருஷம் டிப்ளமோ, பிறகு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு, மேலும் மூன்று வருஷம். நாலில் முடிய வேண்டியது ஆறில் முடிந்தது. பாலிடெக்னிக் விண்ணப்பத்தை அவளே போட்டாள், புதிதாக வாங்கிய தன் நம்பரில். உலகநாதன் அதற்கு ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. ஆனால் அவள் படத்தைக் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

பட்டமளிப்பு விழாவுக்கு, பெற்றோர் இருவர் வரலாம் என்று கடிதம் வந்தது. நந்தினி அதைப் படித்துக் காட்டினாள். தேசப்பன் வலைக் கிழிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கு எனக்குப் பாடு. உங்கம்மாவ இட்டுக்கினு போ."

அன்றைய பாடு தமிழ்வாணனுடையது. அந்த வருஷத்து வரிசையை எழுதிக் கொடுத்ததே நந்தினிதான். அவருக்கும் அது தெரியும்.

அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். சொல்லப்போனால், நிம்மதியாக இருந்தது. குப்பம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள்.