டம்ளர்களுக்கு நடுவே சரவணகுமார்

வளைவில் திரும்பும் ஷேர் ஆட்டோவைக் கண்டால் சரவணகுமார் டீயைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிடுவான். சக்கரத்துக்குச் சமமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்து, "முன்னாடி மடங்குது, பின்னாடி அடங்கல," என்பான். ஆட்டோ, டிராக்டர், தள்ளுவண்டி, எல்லாவற்றுக்கும் இதே தீர்ப்புதான். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணின் விரலைப் பிடித்துக்கொண்டு மணமேடையைச் சுற்றியபோதும் இதையே சொன்னான். பெண் வீட்டார் காதில் விழாதிருக்க நான் பலமாக இருமி வைத்தேன்.

என் சித்தப்பா மகள் ஜோதியம்மாளுக்குக் கடைசிப் பிள்ளை இவன். எனக்கு மகன் முறை. செங்கம் ரோட்டில் லேத் பட்டறை. பம்புசெட்டு வேலைக்கு நடுவே இவன் உயிரை விட்டுச் செய்வது வேறொன்று. ஸ்கேட்டிங் பலகைக்கு அடியில் சக்கரங்களைப் பிடித்திருக்கும் பாகம் அது. ட்ரக் என்று பெயர்; முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வரிசையாக நிறுத்திய கூம்புகளுக்கு நடுவே ஒன்றையும் தட்டாமல் பாம்பாக வளைந்து ஓடுகிற பந்தயம் இருக்கிறதாம். அதற்குச் சாதாரண ட்ரக் ஆகாதாம். முன்னது சட்டென்று மடங்கவேண்டும், பின்னது அதோடு சேர்ந்து ஆடாமல் அடங்கி வரவேண்டும். "நாங்க ரெண்டு பேரும் குடும்பம் நடத்துற மாதிரிதான் பெரியத்தை," என்று அவன் பெண்டாட்டி தனம் எனக்கு விளக்கினாள். யார் முன், யார் பின் என்று நான் கேட்கவில்லை.

சோதனை ஓட்டமும் அவனேதான், தொப்பையும் கைலியுமாக. கூம்புக்குப் பதில் தனத்தின் எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பான். தட்டினால் சத்தம் காட்டிக்கொடுக்கும் அல்லவா? "எங்கம்மா வீட்டு சீருங்க! ஒண்ணாவது ஒழுங்கா நிக்குதா?" என்பாள் தனம். அவர்கள் வீட்டில் காபி குடித்தால் எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் ஒழுகும். விழுந்து எழுந்ததும் அவன் முழங்காலைத் தடவுவதில்லை. ட்ரக்கில் இருக்கும் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கி, "கல்லு ஜாஸ்தி. இன்னும் கொஞ்சம் இட்லி ஆவணும்," என்பான்.

இத்தனையும் அவன் அக்கா மகள் ஓவியாவுக்காக. காலேஜில் படிக்கிறாள், அந்தப் பந்தயத்துக்குப் பெங்களூர் போகிறாள். அவளிடம் வெளிநாட்டு ட்ரக் இருக்கிறது. "உங்களுது ஒரு டம்ளரையும் தட்டாம போச்சுன்னா அதுலயே ஓடுறேன் மாமா. தட்டுச்சுன்னா கோச்சுக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், மனை போட்டும் வீடு வராத ஒரு சரிவான தார் ரோட்டில் கூடினோம். சாயங்காலம் பஸ் என்பதால் ஓவியா துணிப் பையோடு வந்திருந்தாள். தன் ட்ரக்குகளைக் கழற்றி ரோட்டோரம் வைத்துவிட்டு மாமாவுடையதை மாட்டினாள். ஏறப் போன நேரம் தனம் ஓடிவந்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"இன்னா அத்தை, இது காரா?"

"நாலு சக்கரம் இருக்குதில்ல? அப்ப வண்டிதான். ஏறு."

ஓவியாவின் கனத்துக்குப் பழம் நசுங்கவில்லை. சரவணகுமாரே ஏறி நின்று, முன்னும் பின்னும் உருட்டி, பக்தியாக நசுக்கிக் கொடுத்தான்.

அவள் கிளம்பினாள். முதல் திருப்பத்திலேயே பின்சக்கரம் வழுக்கிப் பலகை ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம், டம்ளர்கள் ரோடு முழுக்க. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. சரவணகுமாருக்கு முகம் செத்துவிட்டது. பலகையை மடியில் கவிழ்த்து ஒவ்வொரு திருகாகத் தடவினான். சக்கரத்தை மோந்தான். பிறகு நாக்கை நீட்டி நக்கினான்.

"ச்சீ, மாமா!"

"புளிக்குதும்மா! ட்ரக்கு மேல தப்பில்ல. உங்க அத்தை ஜூஸ் போட்டுட்டா."

"சாமிக்கு வெச்சதைக் குத்தம் சொல்லாதீங்க. நசுக்குனது யாரு?" என்றபடி தனம், குடிக்கக் கொண்டுவந்திருந்த குடத்துத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினாள்.

துடைத்து, டம்ளர்களை நிறுத்தி, மறுபடியும் விட்டார்கள். அந்தப் பெண் இடுப்பை ஒடித்து ஒடித்துப் போன வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. டம்ளர் ஒன்றும் பேசவில்லை.

"மாமா! இதுலதான் ஓடுறேன்!" கீழேயிருந்து கத்தினாள். "அந்தப் பழசு உங்க பட்டறைலயே கெடக்கட்டும்!"

தனம் எனக்குக் கை கொடுத்துக் குலுக்கினாள். சரவணகுமார் அங்கே இல்லை. ரோட்டோரம் குந்தி, தோள் துண்டை உதறி, வெளிநாட்டு ட்ரக்குகளைச் சத்தம் வராமல் அதில் சுற்றிக்கொண்டிருந்தான். ஓவியா மேலே ஏறி வருவதற்குள் அவள் பையைத் திறந்து, துணிகளுக்கு அடியில் அந்த மூட்டையைச் செருகி, ஜிப்பை இழுத்து மூடினான்.