கயிறு பிடிப்பவன் கையில் துண்டு

திரேஸ்புரத்துச் சங்குப் படகில் முஜாஹித்துக்கு ஒரே வேலைதான். அவன் தங்கை ஷஃபீகாவின் கணவன் ஹுதைஃபா கடலுக்கடியில் சங்கு பொறுக்கும்போது, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுநுனியை மேலே படகில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பதுதான் இங்கே வழக்கம். தங்கச்சி வாழ்க்கை பாழாக எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற கணக்கு.

முஜாஹித் பயந்தாங்கொள்ளி. ஊரே சொல்லும், அவனும் மறுக்கமாட்டான். கயிறு பிடிப்பவன் பயந்தவனாக இருப்பதில் என்ன தப்பு என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பயமே ஒருமுறை வினையாகிவிட்டது. கயிறு வெகுநேரம் அசையாமல் கிடக்க, பதறிப்போய் இழுத்துவிட்டான். திடுமென மேலே வந்த ஹுதைஃபாவின் காதில் ரத்தம்.

"நான் கயித்தச் சுண்டுனா மட்டும் இழுங்க மச்சான். இல்லன்னா என்னயக் கொன்னுருவீங்க," என்றான் ஹுதைஃபா, சிரித்துக்கொண்டே.

முஜாஹித் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, கீழே இருப்பவன் கேட்காமல் இழுப்பதில்லை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டான்.

ஹுதைஃபாவுக்குக் குத்துச்சண்டையும் தெரியும். நாலு இடத்தில் ஜெயித்தால் துறைமுகத்தில் விளையாட்டுக்காரர்களுக்கென ஒதுக்கும் வேலை கிடைக்கும், கடலை விட்டுக் கரையேறிவிடலாம் என்று ஆசை. கோச் வெள்ளத்துரை ஒரு பழைய உப்பு குடோனில் பழக்கினார். சண்டையில் ஆள் தாங்கமாட்டான் என்று தெரிந்தால், அவன் பக்கத்து மூலையில் நிற்பவர் துண்டைத் தூக்கி உள்ளே எறியலாம். அதோடு சண்டை நின்றுவிடும். அந்தத் துண்டை மச்சான்தான் வைத்திருக்க வேண்டும் என்று ஹுதைஃபா அடம்பிடித்தான்.

சாயர்புரத்தில் நடந்த போட்டியில்தான் அது நேர்ந்தது. எதிராளியின் குத்து காதுக்கு மேலே இறங்கியதும் ஹுதைஃபாவின் கால்கள் பின்னின. முஜாஹித் துண்டை இறுக்கிப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்தான். ஒரு தலையசைப்பு, ஒரு கையசைப்பு, ஏதாவது வரும் என்று காத்திருந்தான். கடலில் பழகிய கை, கேட்டால்தான் அசையும். மண்டையில் அடிவாங்கியவன் எப்படிக் கேட்பான்? மேலும் இரண்டு குத்து விழுந்து, ஹுதைஃபா சாய்ந்தான். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்தான். கூட்டம் கைதட்டியது.

பிறகு தலைவலி வந்தது. படகில் வாந்தி எடுத்தான். கடலுக்குப் போகிறவனுக்குத் தலைவலி புதிதா என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஷஃபீகா மட்டும் விடவில்லை.

"காக்கா, நேத்து பிள்ள ஹனீனக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாவ. பிள்ளைய அங்கனயே விட்டுட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறாவ. பிள்ள எங்கன்னு கேட்டா, எந்தப் பிள்ளங்கிறாவ," என்று அண்ணனிடம் அழுதாள்.

முஜாஹித் அன்றே ஹுதைஃபாவைக் கட்டாயப்படுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் தலையில் ஒரு அடிகூடப் படக்கூடாது என்றார். வெளியே வந்ததும் ஹுதைஃபா, "இன்னும் ஒரே ஒரு சண்ட மச்சான். ஜெயிச்சா வேல," என்றான்.

முஜாஹித் நேரே குடோனுக்குப் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னான். வெள்ளத்துரை கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

"அவன் இஷ்டப்பட்டுத்தானல வாரான். கடல்ல மட்டும் சாவு இல்லியா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. ஆனா கடல் அவன் மண்டையக் குறி பாக்காது. அவன் விழுந்தா கைதட்டவும் செய்யாது."

வெள்ளத்துரை கையுறைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். போட்டியிலிருந்து ஹுதைஃபாவின் பெயரை எடுக்கவில்லை.

தூத்துக்குடியில் அந்தச் சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. ஷஃபீகா வரவில்லை. முஜாஹித்தான் துண்டோடு மூலையில் நின்றான். ஹுதைஃபா நன்றாகவே ஆடினான். முதல் சுற்று அவனுக்குத்தான். இரண்டாவது சுற்றில் எதிராளியே பின்வாங்கினான். குடோன் பையன்கள் அப்போதே விசிலடித்துக் கொண்டாடினார்கள். கடைசிச் சுற்றில் நெற்றியோரம் ஒரு குத்து லேசாக உரசிப் போனது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஹுதைஃபாவின் இடது கால் தரையில் இழுபடுவதை முஜாஹித் பார்த்துவிட்டான்.

ஹுதைஃபா திரும்பிப் பார்க்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. முஜாஹித் துண்டை வீசிவிட்டான்.

நடுவர் சண்டையை நிறுத்தி எதிராளியின் கையை உயர்த்தினார். அரங்கமே ஊளையிட்டது. யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் முஜாஹித்தின் தோளில் பட்டது. வெள்ளத்துரை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஹுதைஃபா கயிற்றுத் தடுப்பைத் தாண்டி வந்து மச்சானின் சட்டையைப் பிடித்தான்.

"நான் கேட்டேனா? சொல்லுங்க, நான் கேட்டேனா? ஜெயிச்சிட்டிருந்தேன் மச்சான். என் வேலயக் கெடுத்துட்டீங்களே."

அவசரப்பட்டுவிட்டோமோ என்ற பயம் அப்போது முஜாஹித்தைத் தின்றது. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமோ, தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பது என்று மறுகினான்.

இருவரும் ஒரே ஆட்டோவில்தான் திரும்பினார்கள். ஹுதைஃபா கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். பீச் ரோட்டில் திரும்பும்போது மெதுவாக மச்சானின் தோளில் தலையைச் சாய்த்தான். கோபம் தணிந்துவிட்டது என்று முஜாஹித் பெருமூச்சு விட்டான்.

"மச்சான்," என்றான் ஹுதைஃபா, குரலில் துளிக் கோபம் இல்லாமல். "என்னயச் சண்டைக்கு எப்பக் கூப்பிடுவாங்க? கையில இன்னும் துணி சுத்தலியே."

முஜாஹித் சட்டென டிரைவரின் முதுகைத் தட்டி, வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னான்.

"கூப்பிடுவாங்க மாப்ள, நேரம் இருக்கு," என்று சொல்லி ஹுதைஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் சண்டைக்காகச் சுற்றிய துணி இன்னும் அவிழ்க்கப்படாமலே இருந்தது.