ஒன்பதாவது மாடிக்கு ஒரு தடை

பக்கத்து நாட்டின் மேல் இந்த நாடாகப் போய் விழுந்த போர்தான். இருந்தாலும் கட்டடத்தின் பலகையில் ‘பாதுகாப்பு அமைச்சகம்’ என்றுதான் எழுதியிருந்தது. ஒன்பது மாடி, ஒரே ஒரு லிப்ட். இருபத்திரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொள்பவர் நம் மெக்கானிக்.

உச்சி மாடியில் போரை நடத்தும் தளபதிகள். தரைத்தளத்தில் ஒரு கவுண்டர். போர்முனைக்குப் போன பிள்ளைகளைப் பற்றிப் பெற்றவர்கள் அங்கேதான் விசாரிக்க வேண்டும். மெக்கானிக்கின் ஒரே மகனிடமிருந்து தகவல் நின்று நான்கு மாதமாகிறது. செவ்வாய்தோறும் அவரும் முழங்கால் வலிக்கார மனைவியும் வரிசையில் நிற்பார்கள். "தகவல் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்பான் கவுண்டர்காரன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மாதாமாதம் சம்பளம்.

போரை நிறுத்த வெளிநாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. பதினோராவது தடை முதுகெலும்பையே முறித்துவிடும் என்றார்கள். முந்தைய பத்தும் அதே முதுகெலும்பைத்தான் முறித்திருந்தன. வெளிநாட்டு லிப்ட் கம்பெனி கண்ணீரோடு வெளியேறி, கடையை மேனேஜரின் மச்சானிடம் விட்டுப் போனது. உதிரி பாகங்கள் எல்லைக்கு அப்பால் ஒரு குட்டி நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன. அந்த நாட்டில் இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே கிடையாது. லிப்ட் இறக்குமதியில் மட்டும் உலகத்திலேயே முதலிடம்.

அப்படித்தான் அமைச்சக லிப்டின் கண்ட்ரோல் போர்டு எரிந்துபோனபோதும் மூன்றே வாரத்தில் புதியது வந்தது. பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு பெரிய நாடுகள் சேர்ந்தும் ஒரு போர்டைத் தடுக்க முடியவில்லையே, நாமாவது தடுப்போம் என்று வீட்டு அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில் தள்ளிவிட்டார். பன்னிரண்டாவது தடை அமலுக்கு வந்தது.

"எப்பய்யா ஓடும்?" என்றார் மூத்த தளபதி, ஆறாவது மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.

"பார்ட்டு வரலீங்கய்யா. வெளிநாட்டுக்காரன் தர மாட்டேங்கிறான்."

தடை எங்களை ஒன்றும் செய்யாது என்று முந்தின நாள்தான் டிவியில் முழங்கியவர். மூச்சு வாங்க மேலே ஏறினார். மெக்கானிக்குக்கு ஒரே குஷி. இன்னும் ஒரு மாதம் இப்படி ஏறினால் இந்த ஆள் தானே சமாதானத்துக்கு வருவார், பையனும் வீடு திரும்பிவிடுவான் என்று கணக்குப் போட்டார்.

பத்து நாள்தான். பதினோராம் நாள் காலை தளபதிகளின் மேசை, நாற்காலி, வரைபடம், டீ கெட்டில் எல்லாம் ஆள்களின் தோளேறித் தரைத்தளத்துக்கு இறங்கின. விசாரணைக் கவுண்டரைக் கம்பி வலையோடு பெயர்த்து ஒன்பதாவது மாடிக்கு ஏற்றினார்கள். போர் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

அடுத்த செவ்வாய், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒரு அப்பாவோ அம்மாவோ உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறாவது மாடியில் அவர் மனைவியும் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தப் பார்ட்ட எவன் தராம வச்சிருக்கானோ, அவன் வீட்லயும் ஒரு புள்ள போருக்குப் போயிருக்கணும். அப்பதான் தெரியும்" என்றாள்.

"போயிருக்கான்" என்றார்.

"யாரு?"

"பார்ட்டு நம்ம அலமாரியிலதான் இருக்கு. பழைய துணிக்கு அடியில."

மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர் இருவரையும் தாண்டிப் போனார். பிறகு அவள் கையை நீட்டினாள்.

"தூக்கி விடுங்க. இன்னும் மூணு மாடி இருக்கு, நாலு மணிக்கெல்லாம் கவுண்டர மூடிடுவான். அத வீட்ல போய்ப் பேசிக்கலாம்."