வீடு காட்டிய சிஸ்டர்

குளியலறைக் குழாயின் கீழிருந்த நீல வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு, "இது ரெண்டு வருஷமா சொட்டுது, நல்லா பார்த்துக்கிடுங்க" என்றார் சிஸ்டர். வீடு வாங்க வந்திருந்த தம்பதி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசி அது. கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு தோஹாவுக்குப் போய்விட்டிருந்தேன். துபாயில் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகையில் வாங்கியிருந்த ஃப்ளாட்டை விற்றாக வேண்டும். அதற்காக விடுமுறை நாட்களில் துபாய்க்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். விலையோ வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் வாடகைக்கு இருந்தவர் நாகர்கோவில்காரர், மருத்துவமனையில் நர்ஸ். கட்டிடமே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். கணவருக்கு ஓமானில், சோஹார் துறைமுகத்தில் வேலை, மாதம் ஒருமுறை வந்து போவார். மகள் பத்தாம் வகுப்பு படித்தாள்.

காலி வீடாக இருந்தால் உடனே விற்கும் என்று புரோக்கர் சொன்னதை நம்பி, முன்பே ஒருமுறை கேட்டுப் பார்த்திருந்தேன். சிஸ்டர் டீ கொடுத்து உட்கார வைத்துத்தான் பதில் சொன்னார். "வித்துக்கிடுங்க சார், நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா பிள்ளைக்கு மார்ச்சில பரீட்சை. அது முடியாம இங்கனயிருந்து அசைய மாட்டேன். வர்றவங்களுக்கு வீட்டை நானே காட்டுறேன்." வாடகை ஒப்பந்தமும் மே மாதம் வரை இருந்தது. சரி என்று டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

சொன்னபடியே காட்டினார். டியூட்டி முடிந்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நின்று, வெயிலில் சூடேறும் மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். எந்த அலமாரிக் கதவு மூடாது என்பதையும் சொன்னார். மூன்று பேர் வந்தார்கள், மூவரும் போனார்கள்.

"இப்படிப் பேசினா யார் சிஸ்டர் வாங்குவாங்க?" என்று கோபமாகவே கேட்டேன்.

"பொய் ஏதாவது சொன்னேனா? எனக்கு வாடகைக்குத் தந்தப்ப நீங்க ஒண்ணும் சொல்லல. அந்தக் குழாய்க்கு எத்தனை தடவ போன் பண்ணினேன். ஒரு நாள் வந்து பாத்தீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகமாக உறைத்தது. மறுநாளே பிளம்பரை அழைத்து வந்து கூடவே நின்றேன். குடியிருப்பவரோடு சேர்த்துத்தான் விற்பனை என்று விளம்பரத்தையும் மாற்றச் சொன்னேன். புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, தேரா பஜாரில் கடை வைத்திருந்த கீழக்கரைக்காரர் ஒருவர் வந்தார். சிஸ்டர் ஒன்றையும் விடவில்லை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நான் குடி வரல்லம்மா, வாடகைக்கு விடத்தான் வாங்குறேன். நீங்களே இருங்க" என்றார்.

வாசலுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொன்னது போக, நீங்க சொல்ல வேண்டியது எதுவும் இருக்கா தம்பி?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது வேறு.

"விளம்பரத்துல தொண்ணூத்தொம்பது வருஷம்னு போட்டிருக்கேன் பாய். அதுல நாலு வருஷம் கழிஞ்சு போச்சு."

அவர் கையை நீட்டினார். "மிச்சம் நமக்குப் போதும்" என்றார்.

ஏப்ரலில் சிஸ்டருக்கு போன் செய்தேன். மகள் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, வேறு வீடு பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? இந்த ஓனர் கூப்பிட்டா வந்து பாக்குறாரு."