மெஸ்ஸுக்கு மேலே வெங்கடசாமி

ஜூஜுவாடியில் லாரி ரோட்டை ஒட்டி ஒரு மூன்று மாடிக் கட்டிடம். அதற்கு அடியில், பத்துப் படி கீழே இறங்கினால் முனிலட்சுமியின் மெஸ். வாடகை குறைவு. குறைந்ததற்குக் காரணம் தலைக்கு மேலேயே ஓடியது. மூன்று மாடியின் கக்கூஸ் பைப்புகளும் கூரையில் ஒன்று சேர்ந்து, சாப்பாட்டு மேசைகளுக்கு நேர் மேலே போய்ச் சுவருக்குள் நுழைந்தன. மேலே எவனாவது பக்கெட்டைக் கவிழ்த்தால், கீழே சோறு பிசைகிறவன் கை நின்றுவிடும்.

பக்கத்துக் கம்பெனியில் கேன்டீனை மூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் சுபாஷ், மதுரைப் பக்கத்து ஆள், இருபத்திரண்டு பேருக்குத் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடி வந்தான். களியைக் கீரையில் தொட்டு ஒரு வாய் வைத்தான். பைப் கடகடவென்று இறங்கியது.

"யக்கா, களி நல்லாத்தான் இருக்கு. மேல ஒருத்தன் போறதக் கேட்டுக்கிட்டே எப்பிடி முழுங்குறது?"

"காதுலதான கேக்குது. வாயில இல்லியே."

"திங்கக்கெழம ஆளுகளக் கூட்டியாறேன். அதுக்குள்ள மறச்சு வைங்க. இல்லன்னா அத்திப்பள்ளிப் பக்கம் வேற மெஸ் பாத்துக்கிறோம்."

அந்த இருபத்திரண்டு பேர் வராவிட்டால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான். மறுபடியும் ரோஜாப்பூப் பண்ணையில் கூலிக்குக் குனிய வேண்டும். பதினெட்டு வருஷம் குனிந்தாயிற்று. அறுபத்திரண்டு வயது முட்டி இனி ஒத்துக்கொள்ளாது.

கூரைக்கு அட்டை அடிக்கிறவன் கேட்ட காசுக்கு இன்னொரு மெஸ்ஸே வைக்கலாம். "நீ போயி கலெக்டரு ஊட்டுக்கு அடி" என்று அனுப்பிவிட்டு, பழைய இரும்புக் கடைக்குப் போனாள். கம்பெனிக்கு வரும் மிஷின்கள் அடிபடாமல் சுற்றி அனுப்பும் பழைய ஸ்பாஞ்சை மூட்டையாக வாங்கி வந்து, பைப் முழுக்கச் சுற்றி, கிழிந்த சேலையால் கட்டினாள். சத்தம் அடங்கியது. பார்க்கத்தான் சகிக்கவில்லை.

"பைப்பு மேல லாரி ஏறி, கட்டுப் போட்ட மாதிரி இருக்குதுக்கா" என்றாள், களி கிண்ட வரும் மாதேஸ்வரி.

"அதுக்குத்தான் இன்னொண்ணு வெச்சிருக்கறன்."

வீட்டில் அரிசி மூட்டைக்கு அடியில் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் ஒன்று மடித்துக் கிடந்தது. அவள் புருஷன் வெங்கடசாமி செத்தபோது லாரி ஷெட் கூட்டாளிகள் வைத்த கண்ணீர் அஞ்சலி. மழைக்கும் கிழியாது, காசும் வேண்டாம்.

மாதேஸ்வரி வாயைப் பொத்தினாள். "மாமா படத்தையாக்கா கட்டப் போற?"

"மூஞ்சி மேல பாத்தாப்புல கட்டறன். கீழ வெள்ளதான் தெரியும். உசிரோட இருந்தப்ப ஊட்டுல ஒரு ஆணி அடிச்சதில்ல. இப்பவாச்சும் ஒதவட்டும்."

"பைப்பயே பாத்துகினு கெடப்பாரே."

"குடிச்சிட்டு வந்து வாந்தி எடுத்தத முப்பது வருசம் நான் பாக்கல? அவரு கொஞ்ச நாளு பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பகலில் கட்டி முடித்தார்கள். கல்யாண மண்டபம்போல வெள்ளையாக இருந்தது. கூரையில் இருந்த டியூப்லைட் ஃபிளெக்ஸுக்கு மேலே மாட்டிக்கொண்டது. வெளிச்சம் எப்படியும் கீழே வடியும் என்று முனிலட்சுமி விட்டுவிட்டாள். பகலில் லைட்டைப் போட்டுப் பார்க்கிற ஊதாரித்தனம் அவளிடம் கிடையாது.

திங்கட்கிழமை மதியம் இருபத்திரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். தட்டில் களி விழுந்தது. வாசல் பக்கம் உட்கார்ந்தவர்கள் வெளிச்சத்தை மறைத்ததில் உள்ளே மங்கியது. மாதேஸ்வரி சுவிட்சைத் தட்டினாள்.

வெங்கடசாமி வந்துவிட்டார். மாலை, மீசை, கறுப்பு பார்டர் எல்லாமாகப் பன்னிரண்டடிக்கு மேசைகளின் மேல் பரவிக்கொண்டு சிரித்தார். உருட்டிய களி வாய்க்குப் போகாமல் கையிலேயே நின்றது. ஒருவன் மரியாதையாக எழுந்தே நின்றுவிட்டான்.

"யக்கா, யாருக்கா இது?" என்றான் சுபாஷ்.

"என் ஊட்டுக்காரரு."

"செத்துட்டாரா?"

"உசிரோட இருந்தா இந்நேரம் உன் தட்டுல கைய வெச்சிருப்பாரு."

"காரியச் சோறு திங்கிற மாதிரி இருக்குண்ணே" என்று ஒரு பையன் தட்டைத் தள்ளினான்.

ஒரு தட்டு தள்ளினால் இருபத்திரண்டும் தள்ளும். முனிலட்சுமி கரண்டியோடு நடுவில் வந்து நின்றாள்.

"காரியச் சோறுன்னா சும்மா போடுவாங்க. இது காசுக்கு, பயப்படாத தின்னு. ஒளிச்சி என்னா ஆவப்போவுது? அதுக்குப் பின்னால கக்கூஸ் பைப்பு இருக்குது. பிரிச்சா பைப்பு தெரியும், வுட்டா இவரு தெரிவாரு. எதப் பாத்துத் தின்றீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

நரைத்த ஆபரேட்டர் ஒருவர் மேலே ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "பைப்புக்கு இவரே தேவலாம்" என்று சொல்லிவிட்டு உருண்டையை வாயில் போட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

சுபாஷ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மெயினை அணைத்தான், பெஞ்சின் மேல் ஏறினான், ஃபிளெக்ஸ் ஓரமாகக் கையை விட்டு டியூப்லைட்டைக் கழற்றி இழுத்துச் சுவர் ஆணியில் தொங்கவிட்டான். மறுபடி லைட் எரிந்தபோது மேலே வெறும் வெள்ளைதான் இருந்தது.

"லைட்டு கீழ இருந்தா அவரு தெரிய மாட்டாருக்கா. இதக்கூட யோசிக்கலயா?"

"நான் யோசிச்சிருந்தா உனுக்கு இங்க என்னா வேல."

தள்ளிய தட்டை அந்தப் பையன் திரும்ப இழுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கீரை கேட்டான். சாப்பிட்டு முடித்துப் படியேறும்போது சுபாஷ் திரும்பிச் சொன்னான்: "நாளைக்கும் இருபத்திரெண்டு எல போட்டு வைங்கக்கா."

"எல கெடையாது, தட்டுதான். அதையும் அவங்கவங்க கழுவி வெக்கணும்."