தெற்கு எல்லைக் கல்

எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடியில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது. மிளகாய் இடிக்கக் கூடாது. இதையெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டே வருவார்கள். அந்த ஆட்டோ ஊர்த் தெருக்களை முடித்துவிட்டு, வாய்க்கால் பாலத்தைத் தாண்டி எங்கள் காலனிக்கும் தவறாமல் வரும். அம்மன்தான் வரமாட்டாள். அவளுடைய கரகம் பாலத்தோடு திரும்பிவிடும்.

செவிலிமேடு தாண்டி, பாலாற்றுப் பக்கம் இருக்கிறது ஊர். நான் தினமும் டவுன் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய் ஒரு பட்டுக் கடையில் புடவை காட்டுகிறேன். கல்யாண வீட்டார் பாதிக் கடையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்புறமா வரோம்மா" என்று எழுந்து போனாலும் சிரித்தபடி மடித்து வைக்க வேண்டிய வேலை. என் பொறுமையெல்லாம் அந்தக் கடையிலேயே செலவாகிவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுவர மிச்சம் இருப்பதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஆடியில், கரகம் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று எங்கள் பையன்கள் பாலத்தில் நின்று கேட்டார்கள். பேச்சு முற்றித் தள்ளுமுள்ளு ஆனது. யாரோ எறிந்த கல்லில், எங்கள் தெரு முனையில் இருக்கும் மாதா கோயிலின் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. போலீஸ் வந்து திருவிழாவைப் பாதியில் நிறுத்தியது. அம்மனுக்கும் மாதாவுக்கும் எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் மறுநாள் காலை டீக்கடையில், இரண்டு மதத்துக்கு இடையே கலவரம் என்றே பேசிக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் தெருவில் பாதி வீடு அம்மனைக் கும்பிடும், பாதி வீடு மாதாவைக் கும்பிடும். என் அம்மா ஆடிக்குக் கூழ் ஊற்றினால், அதை முதலில் வாங்கிக் குடிப்பது பக்கத்து வீட்டிலிருக்கும் என் சின்னம்மாதான். கல்யாணத்துக்காக மாதா கோயிலுக்குப் போனவள், இன்று அங்கே மாதர் சங்கத்துக்குத் தலைவி. எங்களுக்குள் இல்லாத சண்டையை எங்கள் பேரில் எழுதிவிட்டு, உண்மையான காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை.

அடுத்த ஆடிக்கு முன்னால் தாலுகா ஆபீஸில் அமைதிக் கூட்டம் போட்டார்கள். தாசில்தார் மேடம் நடுவில், ஊரார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். விழாக் குழுத் தலைவர் எழுந்தார். வயல், நெல் மண்டி, கட்சி என்று மூன்றிலும் கால் வைத்தவர். எங்கள் தெருப் பெண்களை அவர் எப்போதும் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். மேடம் இருந்ததால் அன்று அதுவும் இல்லை.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவங்க தெரு முனையில மாதா கோயில் இருக்குது. அம்மன் அத்தத் தாண்டிப் போனா நாளைக்கு மதப் பிரச்சன ஆயிடும். வழக்கம் எப்டியோ அப்டியே பாலத்தோட திரும்பிக்கினா எல்லாருக்கும் நல்லது."

மேடம் தலையாட்டினார். அதிகாரிகளுக்கு அமைதி என்றால், யாரும் இருந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது. நான் எழுந்துவிட்டேன். எங்கள் தெருவில் அவரை 'அய்யா' என்பது பழக்கம். கடை வாடிக்கையாளரைக் கூப்பிடுவதுபோல் 'சார்' என்றேன்.

"சார், எங்க அக்காவுக்கு மெட்ராசுல கொழந்த பொறந்தப்போ ஊருக்குக் காப்புக் கட்டியிருந்தீங்க. அவ கூட ஒரு ராத்திரி இரும்மான்னு அழுதா. காப்புன்னு சொல்லிட்டு கடைசி பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன். எங்க தெரு உங்க அம்மன் எல்லைக்கு வெளிய இருக்குதுன்னா, நான் யாருக்காக வந்தேன்?"

அவர் மேடம் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை. காப்புக் கட்டும் நாளில் எல்லை கட்டுவார்கள். நாலு திசையிலும் இருக்கும் எல்லைக் கற்களில் எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் தடவி வைப்பார்கள். அதற்கு உள்ளே இருக்கிறவர்களை அம்மன் காப்பாள். தெற்கு எல்லைக் கல் எங்கே இருக்கிறது? எங்கள் தெருவின் கடைசி வீட்டையும் தாண்டி, ஆற்றுக்குப் போகிற வழியில். எங்கள் தெருவை மிதிக்காமல் அங்கே போவதற்காக, வருஷா வருஷம் வரப்பு வரப்பாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். சின்ன வயதிலிருந்து அந்த அறுத்த பழங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

"கல்லு எங்க தெருவுக்கு அந்தாண்ட இருக்குது. பழத்த அங்கதான அறுக்கறீங்க? இல்லன்னா சொல்லுங்க" என்றேன்.

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்டுக்குப் போகிற ஆள். ஆடிக்கு லீவு போட்டுக் கரகம் எடுப்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இவர் கொடுத்தார்.

"அந்தாண்டதான் மேடம் இருக்குது. நான்தான் அறுக்கறேன்" என்றார், தலைவரைப் பார்க்காமல்.

"மாதா கோயில்காரங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் கேட்டார்.

சின்னம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "எங்களுக்கு இன்னா மேடம்? எங்க அக்கா வூட்டுக்கு அவங்க சாமி வருது. நாங்க கதவ சாத்திக்கினா இருப்போம்? வாசல்ல நின்னு தண்ணி ஊத்துவோம்."

கரகம் காலனிக்குப் போகலாம் என்று மேடம் உத்தரவிட்டார். போலீஸ் கூட வரும் என்றார். நான் அன்று கடைக்குப் போகவில்லை.

கரகத்தன்று சாயங்காலம் எங்கள் தெரு முழுக்கச் சாணி தெளித்துக் கோலம் போட்டோம். பம்பைச் சத்தம் நெருங்கி, பாலத்தில் வந்து நின்றது. பூசாரி தலையில் கரகத்தோடு முதல் அடி எடுத்து வைத்துவிட்டார். பின்னால் வந்த கூட்டம் அப்படியே நின்றது. சிலர் செல்போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

ஆனால் காப்பு கையில் இருக்கிறவர், கரகம் கோயிலுக்குத் திரும்பும்வரை அதை விட்டுப் பிரியக் கூடாது. அந்த வருஷம் முதல் காப்பு கட்டிக்கொண்டவர் தலைவர். பாலத்தின் அந்தப் பக்கம் நின்று மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். ஊரையெல்லாம் ராத்தங்காதே, தாளிக்காதே என்று கட்டிப் போட்ட கயிறு அன்றைக்கு அவரையும் கட்டிப் போட்டது. கரகம் நாலு வீடு தூரம் போகுமுன் அவர் பாலத்தைத் தாண்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

மாதா கோயில் வாசலில் சின்னம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். கரகக்காரர் காலில் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழன். அன்றைக்கு ஃபாதர் குனிந்து, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் பாதத்தைக் கழுவுவார், ஒருவரையும் விடமாட்டார். அவளும் விடவில்லை. பூசாரி காலில் ஊற்றி முடித்ததும், பின்னால் வந்த தலைவர் காலடியில் உட்கார்ந்து தண்ணீரைச் சாய்த்து, கையாலேயே புழுதியைத் தேய்த்துவிட்டாள்.

பம்பை நின்றுவிட்டது. இதுவரை எங்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்திராத மனிதர் அவர். காலை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"போதும்மா" என்றார் கடைசியில். குரல் அவருடையது போலவே இல்லை.

"இன்னொரு கால் இருக்குதுப்பா" என்றாள் சின்னம்மா.

அவர் இன்னொரு காலையும் நீட்டினார்.

அவர் மனம் மாறிவிட்டதா என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, அது எப்போது வருமோ வரட்டும், கால் வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதுபோல் போதாது. அம்மன் கோயில் வாசலில் இன்னும் எங்கள் பொங்கல் பானை ஏறவில்லை. இந்த ஆடிக்கு நான் புதுப்பானை வாங்கி வைத்திருக்கிறேன். அடுப்புக்கு மூன்று கல் வேண்டும். சின்னம்மா கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.