லுச்சானாப் பாலம் என்னிடம் இருக்கிறது

சாவுச் செய்தி வந்தபோது தொழிற்சாலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். குணம் அண்ணையின் மகன் அழைத்தான்.

"அங்கிள், அப்பா மோசம் போயிட்டார். முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு நீங்களும் எழுத வேணும்."

"நானோ?"

"ஓம். அப்பாதான் சொன்னவர்."

போகும்போதும் மனுசன் என்னை மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இந்த ரண்டர்ஸ் நகரில் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், எங்களுக்குள் ஒத்துவராது. கல்வெட்டு என்கிற இந்த நினைவுப் புத்தகத்தில் நீங்களெல்லாம் அவரைப் பண்பாளர் என்று எழுதுவீர்கள். நான் எழுத மாட்டேன். தலைக்கனம் பிடித்தவர். யாரையும் பேசி முடிக்க விடமாட்டார்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் டென்மார்க்கே கதவடைத்துவிடும். போக்கிடமில்லாத நாங்கள் அவர் வீட்டில் கூடுவோம். மேசையில் சோடா மூடிகளும் சட்டைப் பொத்தான்களும் இரு படைகளாக எதிரெதிரே நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர் தங்களுக்குள் அடிபட்டபோது, இதே நாளில் பில்பாவோ நகரின் முற்றுகையை உடைத்த லுச்சானாப் போர் அது. நடுவில் ஆறு, அதன்மேல் அவர் தீக்குச்சியால் ஒட்டிய பாலம். முற்றுகையிட்ட மூடிகள் எப்போதும் என் பக்கம். தோற்கிற பக்கம் எனக்குத்தான்.

ஒருமுறை பொத்தான்கள் பனிப்புயலில் படகேறி வந்து பாலத்தைப் பிடித்ததும் சொன்னார்: "பனிக்குள்ள ஆர் வரப்போறான் எண்டு அசந்திட்டினம். தோத்தவன் தன்ர பிழையை எழுதி வைக்க வேணும்." பிறகு என்னைப் பார்த்து, "உன்ர சகோதரமும் ஊரில போர் நடக்கேக்க காவலில அசந்துதானே செத்தவன்" என்றார்.

"வாயைப் பொத்துங்கோ அண்ணை! செத்தது உங்கட வீட்டுப் பிள்ளையில்லை!"

பாலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். அவர் பார்த்தார். கேட்கவில்லை.

அதன்பின் ஒன்பது வருடம் கதைக்கவில்லை. தமிழ்க்கடையில் எதிர்ப்பட்டால் அவர் வாழைக்காயைப் பார்ப்பார், நான் கத்தரிக்காயைப் பார்ப்பேன்.

செத்தவீட்டுக்குப் போனேன். அந்த மேசை மூலையில் கிடந்தது. ஆறு இருந்தது, படைகள் இருந்தன. பாலம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

மகன் சொன்னான்: "ஒவ்வொரு நத்தாருக்கும் அடுக்குவார். பாலத்தை நான் புதுசாச் செய்து தாறன் எண்டன். வேண்டாம், அவன் கொண்டுவருவான் எண்டிட்டார்."

அவர் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என் தம்பி அசந்து தூங்குகிற ஆள் இல்லை. ஆனால் "தம்பி, அதைக் கொண்டா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கேட்காத திமிர் அவருக்கு. கொடுக்காத திமிர் எனக்கு.

பாலம் என் மேசையின் இழுக்கிற லாச்சிக்குள் இருக்கிறது. இரண்டு குச்சிகள் கழன்றிருந்தன. நேற்றுத்தான் பசை போட்டு ஒட்டினேன்.